அளவு சொல்லாத வரைபடம்

“ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது” என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். தமிழ் வகுப்பில் இந்தப் பழமொழியை எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அதற்கு விளக்கம் எழுதி முழு மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அதன் உண்மைப் பொருள் எனக்கு விளங்கியது, 2025 நவம்பரில் பிளைவுட் துண்டுகளுக்கும் மரத்தூளுக்கும் நடுவே எங்கள் வீட்டுத் திண்ணையில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோதுதான். அந்தக் கதையைத்தான் என் அன்புத் தோழியருக்குச் சொல்லப் போகிறேன்.

மாவட்ட அளவிலான அறிவியல் கண்காட்சிக்கு எங்கள் வகுப்பிலிருந்து இரண்டு பேர் ஒரு மாதிரி செய்ய வேண்டும் என்று இயற்பியல் ஆசிரியை அறிவித்தார். என் பெயரையும், ஆறாம் வகுப்பிலிருந்து என் பக்கத்திலேயே உட்காரும் என் தோழியின் பெயரையும் சேர்த்துச் சொன்னதும் எங்களுக்குக் கால் தரையில் பாவவில்லை. என்ன செய்வது என்று நாங்கள் அதிகம் யோசிக்கவும் இல்லை. அந்த ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள்தான் பாம்பனில் புதிய ரயில் பாலம் திறக்கப்பட்டிருந்தது. அதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் உயரத்துக்கு எழும்பிக் கப்பலுக்கு வழி விடுகிறது. 1914 முதல் 2022 வரை ரயிலைத் தாங்கிய பழைய பாலத்திலோ, கூப்பிய கைகள் விரிவதுபோல நடுவில் இரண்டு பாதிகள் பிரிந்து மேலே எழும்பும். பழைய பாலத்தின் அழகே அழகு என்பது எங்கள் இருவரின் கட்சி. ஆகவே நடுவில் பிரிந்து திறக்கும் பாலம் என்று முடிவாயிற்று.

நூலகத்தில் பழைய ஆங்கிலக் கைவினைப் புத்தகம் ஒன்றில் அப்படிப்பட்ட பாலத்துக்கு வரைபடம் இருந்தது. கரைக்குக் கரை பன்னிரண்டு கண்கள். இடப்புறம் ஆறு, வலப்புறம் ஆறு. நடுவில் இரண்டு தூக்குப் பலகைகள். படம் பாதி அளவில் வரையப்பட்டிருந்தது. அதாவது தாளில் ஓர் அங்குலம் என்றால் மாதிரியில் இரண்டு அங்குலம். புத்தகத்தை வீட்டுக்குக் கொடுக்க மாட்டார்கள். எனவே மடித்து வைத்திருந்த அந்தப் பெரிய படத்தை ஆசிரியை கடையில் கொடுத்து இரண்டு ஏ3 தாள்களில் ஜெராக்ஸ் எடுத்துத் தந்தார். இடப்பாதி முதல் தாள். வலப்பாதி இரண்டாம் தாள்.

என் வீடு பொன்மலைப்பட்டி. அவள் வீடோ ஆற்றைத் தாண்டி ஸ்ரீரங்கத்தில். தினமும் ஒன்றாக உட்கார்ந்து வேலை செய்ய முடியாது. “நீ இடப்பக்கம் செய், நான் வலப்பக்கம் செய்றேன். நடுவுல வந்து கை குலுக்கிக்கலாம்” என்றாள் அவள். கேட்க எவ்வளவு இனிமையாக இருந்தது! ஆளுக்கொரு தாளை எடுத்துக்கொண்டு பிரிந்தோம்.

அன்றிரவே என் துன்பம் தொடங்கியது.

முதலில் அளவுகள் எல்லாம் அங்குலத்தில் இருந்தன, அதுவும் பின்னங்களாக. ஒரு கண்ணுக்கு 4⅜ அங்குலம் என்று போட்டிருந்தது. நாம் பிறந்ததிலிருந்து சென்டிமீட்டர் படித்தவர்கள். என் ஸ்கேலில் அங்குலப் பக்கம் என்று ஒன்று இருப்பதையே நான் அன்றுதான் கவனித்தேன். தெருமுனை ஆசாரியிடம் போய் நின்றேன். அவர் தாளைப் பார்த்தார். “இதுல என்ன கஷ்டம் பாப்பா? நாலு அங்குலம் மூணு நூல்” என்றார். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குதான் நூல். எனக்கு எட்டாக்கனியாக இருந்த பின்னம் அவருக்கு வெறும் மூன்று நூல்! ஆனால் நான் பலகை வாங்கிய கடையில் வேறு கணக்கு. அங்கே பிளைவுட்டின் நீள அகலம் 8-க்கு 4 அடி, தடிமன் மட்டும் 6 மி.மீ. ஒரே பலகைக்கு இரண்டு பாஷை. கடைசியில் ஓர் அங்குலத்துக்கு 25.4 மி.மீ. என்று பெருக்கினேன். 111.125 என்று வந்தது. “அந்தப் புள்ளிக்குப் பின்னால் இருப்பதை யார் பார்க்கப் போகிறார்கள்?” என்று 111 மி.மீ. வைத்துக்கொண்டேன்.

அடுத்தது தூண்கள். 4⅜ அங்குலம் என்பது எதிலிருந்து எது வரை? ஒரு தூணின் விளிம்பிலிருந்து அடுத்த தூணின் விளிம்பு வரையா, அல்லது நடுவிலிருந்து நடு வரையா? அம்புக்குறிகள் தூணின் தடித்த கோடுகளுக்கிடையே எங்கோ போய் முட்டி நின்றன. நான் விளிம்பு என்றே கொண்டேன். ஒவ்வொரு தூணும் அரை அங்குலத் தடிமன். ஆறு தூணையும் வரிசையாக நிறுத்திப் பார்த்தால் என் பாதிப் பாலம் மூன்று அங்குலம் நீண்டு, தோழியின் பக்கத்துக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது! நல்ல வேளை, ஃபெவிகால் தடவும் முன்பே பார்த்துவிட்டேன். எல்லாவற்றையும் கலைத்து, நடுவிலிருந்து நடுவாக மீண்டும் குறித்தேன்.

பிறகு தூக்குப் பலகையின் அச்சுக்கு ஒரு துளை. அதன் பக்கத்தில் ⅛ என்று மட்டும் இருந்தது. விட்டமா? ஆரமா? ஆரம் என்று எண்ணிக் கால் அங்குலத் துளை போட்டேன். 3 மி.மீ. கம்பி அதற்குள் குழந்தையின் காலில் அப்பாவின் செருப்பு போல ஆடியது. இன்னொரு பலகை வீண். கோபுரத்தின் உயரமோ முன்தோற்றத்தில் 6 அங்குலம். பக்கத்தோற்றத்தில் 5¾ அங்குலம். எதை நம்புவது? வரைந்தவர் எந்த ஊரில் எந்தக் காலத்தில் இருந்தாரோ, அவரைத் தேடிப் போய்க் கேட்க முடியுமா? மனத்துக்குள் அவரை நன்றாகத் திட்டிவிட்டு 6 என்றே வைத்தேன்.

பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற என் தாத்தா வீட்டில் இருந்திருந்தால் இவ்வளவு பாடு இல்லை. கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து அவர் தஞ்சாவூரில் சித்தப்பா வீட்டில் இருந்தார். கண்ணில் சொட்டு மருந்தோடு இருப்பவரைத் தொலைபேசியில் தொந்தரவு செய்யக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை.

இப்படியாக இரண்டு வாரம் ஓடியது. கண்காட்சிக்கு ஐந்து நாள் இருக்கையில், ஒரு புதன்கிழமை மாலை, எங்கள் இருவரின் பாதிகளும் பள்ளி ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தன. 5 அடி நீளப் பலகையின் இரு முனைகளிலும் அவற்றைப் பொருத்தினோம். வகுப்புத் தோழியர் சுற்றிலும் நின்றார்கள். நான் என் தூக்குப் பலகையை மெல்லக் கீழே இறக்கினேன். அவளும் இறக்கினாள். இரண்டும் நடுவில் கை குலுக்க வேண்டிய இடத்தில்... இடைவெளி! ஒரு விரல் அகலத்துக்கும் மேலே. அளந்து பார்த்தேன், 23 மி.மீ.

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அந்தச் சிரிப்புத்தான் என்னைக் கெடுத்தது. என் பக்கத்தைப் பலகையின் நடுக்கோட்டிலிருந்து அளந்தேன். 1 மி.மீ. மட்டுமே குறைந்தது. அவள் பக்கத்தை அளந்தேன். 22 மி.மீ.!

“எல்லாம் உன் பக்கம்தான்டி தப்பு” என்றேன், எல்லோர் காதிலும் விழும்படி.

“நான் சரியாத்தான் அளந்தேன். ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவ அளந்தேன்” என்றாள் அவள்.

“ஸ்கேல் பிடிக்கத் தெரியாதவ ரெண்டு தடவ அளந்தா என்ன, இருபது தடவ அளந்தா என்ன?”

இதை நான்தான் சொன்னேன். இப்போது எழுதும்போதும் என் கை கூசுகிறது. அவள் பதில் பேசவில்லை. தன் பாதியைப் பலகையிலிருந்து கழற்றினாள்; பைக்குள் வைத்தாள்; போய்விட்டாள். மறுநாள் வகுப்பில் என் பக்கத்து இடம் காலியாக இருந்தது. அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

அன்று மாலைதான் தாத்தா ஊரிலிருந்து வந்தார். கறுப்புக் கண்ணாடியோடு திண்ணையில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்ததுமே, “என்ன பாப்பா, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?” என்றார். நடந்ததை எல்லாம் சொன்னேன், என் பக்கம் சாய்த்துத்தான் சொன்னேன்.

தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. “அந்தப் பொண்ணோட தாளையும் நாளைக்கு வாங்கிட்டு வா. அவ வெட்டின கண்ணு ஒவ்வொண்ணும் எவ்வளவு நீளம்னு எழுதி வாங்கிக்க” என்றார். நான் நேரே போய்க் கேட்க வெட்கப்பட்டு, ஆசிரியை மூலமாக வாங்கி வந்தேன். அவள் கையெழுத்தில் ஒரு பட்டியல்: 108, 108, 108, 108, 108, 108. தூக்குப் பலகை 92. அவ்வளவுதான். ஒரு வார்த்தை கூட இல்லை.

தாத்தா பட்டியலைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு, “ஏம்மா, ஸ்கேல் பிடிக்கத் தெரியாத பொண்ணு ஆறு தடவையும் ஒரே மாதிரி தப்பு பண்ணுவாளா?” என்றார்.

நான் விழித்தேன்.

“கவனக்குறைவுன்னா ஒண்ணு கூடும், ஒண்ணு குறையும். இங்க எல்லாமே ஒரே அளவுல குறையுது. கணக்குப் போட்டுப் பாரு. உனக்கு 111 வர்ற இடத்துல அவளுக்கு 108. உனக்கு 95 வர்ற இடத்துல அவளுக்கு 92. நூத்துக்கு மூணு. ஆளு தப்பு பண்ணா தப்பு சிதறிக் கிடக்கும். எல்லாமே ஒரே மாதிரி குறைஞ்சா, தாளைப் பாரு.”

தாத்தா தம் பழைய எஃகு ஸ்கேலை எடுத்துவரச் சொன்னார். அதில் கோடுகள் செதுக்கியவை. கண் இன்னும் தெளியாததால் கட்டை விரல் நகத்தைக் கோடுகளின் மேல் ஓட்டியே அளவு சொல்வார். படத்தின் அடியில் ஓர் அளவுப் பட்டை வரைந்திருந்தது. மாதிரியில் 6 அங்குலம் என்று அதற்குக் குறி. பாதி அளவுப் படம் என்பதால் தாளில் அது 3 அங்குலம், அதாவது 76.2 மி.மீ. இருக்க வேண்டும். தாத்தா ஸ்கேலை வைத்து என்னைப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். 74-ஐக் கூடத் தொடவில்லை!

ஜெராக்ஸ் எடுத்தபோது தாளுக்குள் அடங்குவதற்காகப் படம் நூற்றுக்கு மூன்று பங்கு சுருங்கியிருக்கிறது. என் தாளும் சுருங்கித்தான் இருந்தது. ஆனால் என் தாளில் எண்கள் இருந்தன. நான் எண்ணைப் பார்த்து வெட்டினேன். அவள் தாளில் வலப்பாதியின் கோடுகள் மட்டும்தான். ஓர் எண் கூட இல்லை! பாதி அளவுப் படம் என்று போட்டிருந்ததால், பாவம், ஒவ்வொன்றையும் ஸ்கேல் வைத்து அளந்து இரண்டால் பெருக்கியிருக்கிறாள். 54-ஐ இரண்டால் பெருக்கினால் 108. அவள் அளந்ததில் ஒரு பிழையும் இல்லை.

“அவ தாளுக்கு அளவு எங்க போட்டிருக்கு? எங்கயாவது சொல்லியிருப்பானே, தேடு” என்றார் தாத்தா.

எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. தேட வேண்டிய தேவையே இல்லை. என் தாளின் கீழ் மூலையில், பொடி எழுத்தில் இரண்டு வரி இருந்தது. படத்தை அளக்க வேண்டாம், எண்களை மட்டுமே கொள்க என்பது முதல் வரி. இரண்டாம் தாளுக்கும் இதே அளவுகள்தான் என்பது அடுத்த வரி. முதல் நாள் இரவே நான் அதைப் படித்திருந்தேன். படித்துவிட்டு, ‘இது அவள் தாளைப் பற்றியது’ என்று விட்டுவிட்டேன்! அவளுக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. வரைந்தவர் சொன்ன சொல்லைப் பாதி வழியில் நிறுத்தி வைத்தவள் நான்.

அதைத் தாத்தாவிடம் சொன்னபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ தம் கதையைச் சொல்லத் தொடங்கினார்.

அவர் 1966-இல் பயிற்சியாளராகப் பணிமனையில் சேர்ந்தாராம். மெட்ரிக் முறைக்கு 1956-இலேயே சட்டம் வந்துவிட்டது. 1959-இல் ஓர் அங்குலம் என்பது துல்லியமாக 25.4 மி.மீ. என்று உலக நாடுகள் சில கூடி முடிவும் செய்துவிட்டன. ஆனாலும் பழைய எஞ்சின்களின் வரைபடங்கள் அடியிலும் அங்குலத்திலுமே இருந்தன. “அகலப்பாதை அஞ்சு அடி ஆறு அங்குலம். புதுப் படத்துல 1676 மி.மீ. மீட்டர் பாதைன்னா 1000 மி.மீ. பழைய ஆளுங்க கணக்குல அது மூணு அடி, மூணு அங்குலம், மூணு நூல். மூணு மூணு மூணுன்னு மனப்பாடம் பண்ணி வெச்சிருந்தோம்” என்று சிரித்தார்.

“நீலத்தாள்ல படம் வரும். மழைக்காலத்துல தாள் ஊறி விரியும், வெயில்ல சுருங்கும். அதனால படத்தை அளந்து வேலை செஞ்சா ஃபோர்மன் தோலை உரிச்சிடுவார். எண் இல்லைன்னா வேலையை நிறுத்திட்டுப் போய்க் கேக்கணும். கேக்கறது அவமானம் இல்ல பாப்பா. கேக்காம வெட்டறதுதான் அவமானம். படம் போடறவனும் அப்படித்தான். தான் கண்ணால பாக்காத ஒருத்தன், எங்கயோ உக்காந்து, இதை நம்பி வெட்டப்போறான்னு நினைச்சுக்கிட்டே எண் போடணும். அவன் ஒரு எண்ணை விட்டுட்டா, இங்க ரெண்டு பேரு சண்டை போட்டுக்கறாங்க.”

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அளவுக் குழப்பம் பெரியவர்களையும் விட்டு வைக்கவில்லை என்பதை எங்கள் ஆசிரியை முன்பே சொல்லியிருக்கிறார். செவ்வாய்க் கோளைச் சுற்றி வர அமெரிக்கா அனுப்பிய ‘மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்’ என்ற விண்கலம் 1999 செப்டம்பரில் அழிந்து போனது. ஒரு பக்கத்தார் உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு முறையில் தந்தார்கள்; மறு பக்கத்தார் அதை நியூட்டன் முறை என்று எடுத்துக்கொண்டார்கள். இரண்டு பக்கமும் கெட்டிக்காரர்கள்தாம். ஆனால் எண்ணோடு சேர்ந்து போக வேண்டிய அலகு இடையில் பொருந்தாமல் போயிற்று. அவர்கள் இழந்தது விண்கலத்தை. நான் இழக்க இருந்தது என் தோழியை. எனக்கு என் இழப்பே பெரிதாகத் தெரிந்தது.

சனிக்கிழமை காலை முதல் பேருந்தில் ஸ்ரீரங்கம் போனேன். கையில் இரண்டு தாள்களும் தாத்தாவின் ஸ்கேலும் இருந்தன. வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த அவள் நிமிர்ந்து பார்த்தாள். மறுபடி குனிந்து புள்ளி வைக்கத் தொடங்கினாள்.

“உன் அளவு எல்லாம் சரிடி. தாள்தான் தப்பு. அதைவிட நான் பெரிய தப்பு” என்றேன். மூலையில் இருந்த பொடி எழுத்தைக் காட்டினேன். “இதை நான் முதல் நாளே பாத்தேன். உனக்குச் சொல்லல.”

அவள் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். “நான் ராத்திரியெல்லாம் உக்காந்து மறுபடி மறுபடி அளந்து பாத்தேன்டி. ஒவ்வொரு தடவையும் 54 தான் வந்துச்சு. எனக்குக் கண்ணுல ஏதோ கோளாறோன்னு அம்மாகிட்டக் கூடக் கேட்டேன்” என்றாள்.

நான் அழுதுவிட்டேன். இடைவெளி 23 மி.மீ. என்று நான் ஆய்வகத்தில் அளந்தேனே, அது பாலத்தின் இடைவெளி மட்டும்தான். என் ஒரு சொல் அவள் மனத்தில் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதை எந்த ஸ்கேலால் அளப்பது?

“சரி சரி, கோலத்தை அழிச்சிடாத. இன்னும் ரெண்டு நாள்தான் இருக்கு. உள்ள வா” என்றாள். அதுதான் என் தோழி.

அன்று மாலையே அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். தாத்தா எங்கள் இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்து ஒரு புதிய முறை சொல்லிக் கொடுத்தார். ஒரு கண்ணை அளந்து, அதன் முடிவிலிருந்து அடுத்ததை அளந்து, சங்கிலி போலப் போகக் கூடாது. ஒவ்வொரு முறையும் விட்ட சிறு பிழை அடுத்ததோடு சேர்ந்து வளரும். நான் அலட்சியமாக விட்ட 0.125 மி.மீ. கூட ஆறு கண்களில் முக்கால் மி.மீ. ஆகியிருந்தது. அதற்குப் பதிலாக, எல்லா அளவையும் ஒரே முனையிலிருந்து எடுக்க வேண்டும். கணக்கிட்டு எழுதினோம்: 111.1, 222.3, 333.4, 444.5, 555.6, 666.8. இந்த முறையில் ஒரு குறி சற்றுப் பிசகினாலும் அந்தப் பிசகு அங்கேயே நிற்கும், அடுத்ததைத் தொடாது. கூர்மையான பென்சிலும் மூலைமட்டமும் கொண்டு நானும் அவளுமாகக் குறித்தோம். ஒருத்தி அளந்து சொல்ல, மற்றவள் திருப்பிச் சொல்லி எழுத வேண்டும் என்பது தாத்தாவின் சட்டம். வலப்பக்கத்தின் ஆறு தளத் துண்டுகளையும் தூக்குப் பலகையையும் புதிதாக வெட்டினோம். ஞாயிறு இரவு பதினொரு மணிக்கு உப்புத்தாள் தேய்த்து முடித்தபோது எங்கள் இருவர் விரல் நுனிகளும் சிவந்திருந்தன.

தாத்தா நாற்காலியில் உட்கார்ந்தபடியே, “இறக்குங்க” என்றார். இறக்கினோம். இரண்டு பலகைகளும் ‘டொக்’ என்று நடுவில் சேர்ந்தன. தாத்தா அந்த இணைப்பின் மேல் கட்டை விரல் நகத்தை ஓட்டினார். நகம் எங்கும் தடுக்கவில்லை.

கண்காட்சியில் எங்களுக்குப் பரிசு கிடைக்கவில்லை. முதற்பரிசு வேறொரு பள்ளியின் காற்றாலைக்குப் போயிற்று. ஆனால் எங்கள் பாலத்தின் மேல் பொம்மை ரயில் ஒரு முறை கூடத் தடம் புரளவில்லை. பார்க்க வந்த சிறு பிள்ளைகள் பாலத்தைத் திறந்து மூடச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

எங்கள் மகிழ்ச்சி அதோடு முடியவில்லை. அரையாண்டு விடுமுறையில் நாங்கள் இருவரும் சேர்ந்து அந்த வரைபடத்தைப் புதிதாக வரைந்தோம். பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கான பொறியியல் வரைபட முறைகளை விளக்கி, ‘எஸ்.பி. 46’ என்ற நூலை இந்தியத் தர நிர்ணய அமைவனம் 1988-இல் வெளியிட்டிருக்கிறது. ஆசிரியை அதைத் தேடித் தந்தார். நாங்கள் பட்ட அவதிக்கெல்லாம் அதில் மருந்து இருந்தது! ஓர் அளவை ஒரே இடத்தில்தான் எழுத வேண்டும். இரண்டு இடத்தில் எழுதினால் இரண்டும் ஒரு நாள் சண்டை போடும், எங்கள் கோபுரத்தின் உயரம் போல. துளைக்கு விட்டக் குறி போட வேண்டும். எந்த அலகு என்பதைத் தாளிலேயே சொல்லிவிட வேண்டும். நடுக்கோட்டிலிருந்து அளப்பதானால் நடுக்கோட்டை வரைந்தே காட்ட வேண்டும். மொத்த நீளத்தை எல்லாவற்றுக்கும் வெளியே ஒரே கோட்டில் தர வேண்டும். கூட்டிப் பார்ப்பவளுக்கு அதுவே சாட்சி.

எங்கள் படத்தில் எல்லா அளவும் மி.மீ.தான். இரண்டு தாளிலும் எண்கள் உண்டு. தாள் சுருங்கினால் தெரிந்துகொள்ள இரண்டிலும் அளவுப் பட்டை உண்டு. “படத்தை அளக்காதீர்கள், எண்ணைப் படியுங்கள்” என்று இரண்டு தாளிலும், மூலையில் அல்ல, மேலே நடுவில், பெரிய எழுத்தில் எழுதினோம்.

பிறகு ஒரு சோதனை வைத்தோம். எட்டாம் வகுப்புத் தங்கையர் இருவரிடம் அந்தப் படத்தைக் கொடுத்து, அட்டையில் பாலம் செய்யச் சொன்னோம். ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அரை மணி நேரம் அவர்கள் எங்களை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. எங்களுக்கு ஒரே பெருமை. அப்போது அவர்களில் இளையவள் கேட்டாள்: “அக்கா, இந்தத் தூண் எந்தப் பக்கத்துக்கு மேல்பக்கம்?”

நானும் என் தோழியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அதை எழுத மறந்திருந்தோம்! புத்தகத்தில் படம் வரைந்த அந்த முகம் தெரியாத மனிதரை எத்தனை திட்டித் தீர்த்தேன்! அவரும் எங்களைப் போலத்தான், எல்லாம் சொல்லிவிட்டோம் என்று நம்பிப் பேனாவை மூடியிருப்பார். மனத்துக்குள் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, தூணின் தலையில் ‘மேல்’ என்று எழுதினேன்.

தோழியரே, நீங்களும் நாளை எதையாவது செய்யப் போகிறீர்கள். யாருக்காவது எழுதிக் கொடுக்கவும் போகிறீர்கள். மாதிரிக்கு வரைபடமாக இருந்தாலும் சரி, சமையல் குறிப்பாக இருந்தாலும் சரி, தங்கைக்கு வழி சொல்லும் துண்டுச் சீட்டாக இருந்தாலும் சரி, அதைக் கையில் வைத்துக்கொண்டு தனியே உட்கார்ந்திருக்கும் ஒருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு வேண்டியது உங்களுக்குத் தெரிந்திருந்தால் சொல்லிவிடுங்கள். இரண்டு பக்கமும் ஒழுங்காக வேலை செய்தும் நடுவில் சேரவில்லையென்றால், எதிரில் இருப்பவளைக் குறை சொல்லும் முன் தாளை ஒரு முறை அளந்து பாருங்கள்.

எங்கள் பாலம் இப்போது ஆய்வக அலமாரியின் மேல் இருக்கிறது. வரைபடம் நூலகத்தில் இருக்கிறது. என் தோழி மீண்டும் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், நான் இதை எழுதும்போது எட்டிப் பார்த்து, “22 மி.மீ. என் பக்கம்னு போட்டியே, 1 மி.மீ. உன் பக்கம்னும் போட்டியா?” என்று கேட்கிறாள்.

போட்டிருக்கிறேன்.

— பதினொன்றாம் வகுப்பு மாணவி